பாலாற்று மணலில் ஒரு சுருள்

ட்ராயிங் மாஸ்டர் காலமான செய்தி ஆடி மாதம் வந்தது. நம் பள்ளிப் பழைய மாணவர் மலருக்கு, அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி மலர்க் குழுவினர் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட், முளைக்குச்சி மூட்டை, பாலத்தடியில் இறங்கும் வழி எல்லாம் உங்களுக்கே தெரியும். அவர் கற்றுக்கொடுத்த வேலையை அளவு மாறாமல் எழுதி வைக்கிறேன். வேறு யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

கல்லையும் மண்ணையும் கொண்டு தரையிலேயே படைப்பதை நிலக்கலை என்பார்கள். அந்தச் சொல்லை அவர் சொல்லிக் கேட்டதில்லை. 'தரையில போடுற ட்ராயிங்' என்பார். அதில் முதல் பாடம் சுருள்.

குறுக்களவு 2 அடி உள்ள தார் டிரம்மைப் பாதி உயரம் மணலில் புதைத்து, உள்ளே ஈரமணலை இடித்து நிரப்ப வேண்டும். 25 அடிக் கயிற்றின் ஒரு முனையை டிரம்மில் கட்டி, மறுமுனையில் கூர்க்குச்சியைக் கட்டி, கயிறு தொய்யாமல் சுற்றி நடக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு டிரம்மின் சுற்றளவுக்கு, அதாவது 6 அடி 3 அங்குலம், குறைந்துகொண்டே வரும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே அதே இடைவெளி தானாக விழும். கோட்டின்மேல் 2 அடி அகலத்துக்குக் கல் பரப்பினால் நடக்க 4 அடி மிஞ்சும். 4 சுற்றில் கயிறு தீர்ந்துவிடும். கோட்டின் நீளம் ஏறக்குறைய 310 அடி.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிக்கொடுத்தார். கயிறு ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்றாக ஏறினால் சுற்றளவு கூடி இடைவெளி அகன்றுவிடும். பக்கத்தில் பக்கத்தில் படிய வேண்டும். டிரம் துளி திரும்பினாலும் சுருள் கோணும். நனைந்த தேங்காய்நார்க் கயிறு இழுக்க இழுக்க நீளும். காய்ந்த மணலில் கீறிய கோடு உடனே சரிந்து மூடிக்கொள்ளும், அதனால் முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

கல்லில் மூன்றில் ஒரு பங்கு மணலுக்குள் போக வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால் கல்லைத் தள்ளிக்கொண்டு போகும் என்றுதான் நாமெல்லாம் நினைத்தோம். நடப்பது வேறு. கல்லில் மோதும் நீர் அதன் முன்பக்கத்து மணலை அரித்துக் குழி பறிக்கும். கல் நீர் வரும் திசையிலேயே, அந்தக் குழிக்குள் கவிழும்.

அடுக்குச் சுவர்ப் பாடத்துக்கு நம்மைக் கோட்டை அகழிக் கரைக்குக் கூட்டிப்போவார். சாந்து இல்லாமல் கருங்கல்லோடு கருங்கல் பொருந்தி நிற்கும் அந்த மதிலைவிட நல்ல பாடப்புத்தகம் வேலூரில் இல்லை. பெரிய கல் அடியில். நீளவாக்கு சுவருக்குள் போக வேண்டும். நீளத்தை வெளியே காட்டினால் பார்வைக்கு அழகு, இரண்டு மழையில் பிதுங்கும். கீழ்வரிசை இரண்டு கல்லின் சேர்க்கைமேல் மேல்வரிசைக் கல்லின் நடு உட்கார வேண்டும். 3 அடி உயரத்துக்கு இருபக்கமும் 6 அங்குலம் உள்வாங்க வேண்டும். நடுவில் பொடிக்கல்லைக் கூடையிலிருந்து கொட்டக் கூடாது, ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். கொட்டியது அடங்கி இறங்கும்போது சுவர் வயிறு தள்ளும்.

"இன்னாடா அவசரம்? அந்தக் கல்லு எப்படிப் படுக்கும்னு மொதல்ல பாரு" என்பார். அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெரிய உப்பேரியின் ரோசல் முனையில், ராபர்ட் ஸ்மித்சன் என்ற நிலக்கலைஞர் 1970 ஏப்ரலில் கட்டிய சுருள் கரை இருக்கிறது. நீளம் 1,500 அடி, அகலம் 15 அடி, 6,000 டன்னுக்கு மேற்பட்ட கருநிற எரிமலைக் கல்லும் மண்ணும். நடுவில் முளை அடித்து, கயிறு இழுத்துத்தான் அவரும் வளைவைக் குறித்தார். பிறகு லாரிகள் கொட்டின. சில ஆண்டுகளில் ஏரி உயர்ந்து அது மூழ்கியது. 2002 வாக்கில் நீர் வற்றியபோது உப்புப் பூத்து வெள்ளையாக வெளிவந்தது. ஸ்மித்சன் அதைப் பார்க்கவில்லை. 1973 ஜூலையில், டெக்சாஸில் அடுத்த படைப்பான ஒரு வளைமேட்டுக்கான இடத்தை வானிலிருந்து பார்வையிட்டபோது விமானம் விழுந்து, 35 வயதில் இறந்தார். அவர் திட்டமிட்டிருந்த அந்த வளைமேட்டை மனைவி நான்சி ஹோல்ட்டும் நண்பர்களும் கட்டி முடித்தார்கள்.

அந்தக் கரையில் நடப்பவர்களுக்குக் கையில் படமும் வரலாறும் இருக்கின்றன. மாஸ்டரின் சுருள்களுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. வெள்ளமும் மணல் லாரியும் போக மிச்சம் எதுவும் இருக்காது. திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரில் உள்ள பெருங்கற்காலக் கல்வட்டத்தை அளந்து, அதே அளவில் ஒன்றை மேட்டு நிலத்தில் போட வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். கயிறு பிடிக்க இரண்டு பேர் போதும். நம்மில் அத்தனை பேரும் கடல் கடந்திருந்தோம்.

இப்போது ஊரில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாம் பத்தாவது படித்த வருடம் விளையாட்டு மைதானத்தின் கிழக்கு மூலையில், வேப்பமரத்துக்கு அப்பால், ஒரு சிறிய சுருள் போட்டோம். கல்லைப் பொறுக்கியிருப்பார்கள். டிரம் 2 அடி ஆழத்தில் இருந்தது, தோண்டி எடுக்கவில்லை. கடப்பாரையால் குத்திப் பார்த்தால் சத்தம் கேட்கும்.