பழைய தண்ணீர் மேல் புதுத் தண்ணீர்

கோடையில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, மழை பிடித்ததும் டெங்கு. இரண்டுக்கும் தனித்தனியாக நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இரண்டையும் கூட்டிக்கொண்டு வருவது ஒரே விஷயம்தான்: குடிநீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பது. தினமும் வந்தால் வீட்டுக்கு நாலு குடம் போதும். அஞ்சு நாளுக்கு ஒரு தடவை வந்தால் டிரம், அண்டா, வாளி என்று கையில் கிடைத்ததெல்லாம் நிரம்பும். அதன் பிறகு "சுகாதாரமாக இருங்கள்" என்று அம்மாக்களிடம் மட்டும் சொல்வது அநியாயம்.

முதல் கோளாறு குழாயிலேயே இருக்கிறது. அழுத்தம் குறைவான தெருக்களில், வாசலில் இரண்டடி பள்ளம் தோண்டி அதற்குள் குழாயை இறக்கி வைத்திருப்பார்கள். மேலே ஏறாத தண்ணீர் பள்ளத்தில் விழும். சிந்தியது, மழைத்தண்ணீர், பக்கத்துச் சாக்கடைக் கசிவு எல்லாம் அதே பள்ளத்தில் தேங்கும். சப்ளை நின்றதும் பைப்பில் இருந்த தண்ணீர் தாழ்வான பக்கம் வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூழ்கிக் கிடக்கும் குழாய் வாய் வழியாகப் பள்ளத்துத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வீடு இருந்தால் சப்ளை நேரத்திலேயே இது நடக்கும். அதனால்தான் முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக, சில சமயம் நாற்றத்தோடு வருகிறது. குடிப்பதற்கு அதைப் பிடிக்க வேண்டாம், நிறம் தெளிந்த பிறகு குடத்தை வையுங்கள். பள்ளத்தில் தேங்கியதைச் சப்ளைக்கு முன்பும் பின்பும் இறைத்துவிட்டு, குழாய் வாயை மூடி வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

அடுத்தது ஊருக்குத் தண்ணீர் விடும் மேல்நிலைத் தொட்டி. கிருமியைக் கொல்ல இதில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். 33 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். கணக்கு எளிது, சொதப்புவது வேறு இடத்தில். மூட்டையைப் பிரித்து மோட்டார் ரூமில் வாய் கட்டாமல் வைத்தால், வெக்கையிலும் ஈரத்திலும் குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். 120 கிராம் போட்டதாக ரிஜிஸ்டரில் இருக்கும், தண்ணீரில் ஒன்றும் இருக்காது. பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டுவதும் தப்பு. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டி நிரம்பும்போதே ஊற்ற வேண்டும். ஊற்றி அரை மணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறக்கலாம். தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டிக்குக் கீழே பரிசோதித்துவிட்டுப் போனால் கடைசி வீட்டின் நிலைமை தெரியாது. மருந்து வாடை அடிக்கிறது என்று ஊரே சண்டைக்கு வர, ஆபரேட்டர் அளவைக் குறைத்துவிடுவதும் உண்டு. லேசான வாடை இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

இனி வீட்டு டிரம். கொசு முட்டை பொரிந்து, புழுவாகி, முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். தண்ணீர் அஞ்சு நாளுக்கு ஒரு முறை வருகிறதே, அதற்குள் தீர்ந்துவிடுமே, பிறகு எப்படி டெங்கு என்று கேட்கலாம். டிரம் காலியாவதே இல்லை என்பதுதான் பதில். அடுத்த முறை வருமோ வராதோ என்ற பயத்தில் கால் டிரம் தண்ணீரை யாரும் கொட்டுவதில்லை. அதன் மேலேயே புதுத் தண்ணீரைப் பிடிக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. புதுத் தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். குடிநீரில் இருக்கிற அளவு குளோரின் புழுவை ஒன்றும் செய்யாது.

அதனால் ஒரு பெரிய டிரம்மை விட இரண்டு சின்ன டிரம் நல்லது. ஒன்றை முழுக்கத் தீர்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். தீர்ந்ததை தேங்காய் நார் போட்டு உட்சுவரை, முக்கியமாக மேல் விளிம்பை, அழுத்தித் தேய்த்து, கழுவிய தண்ணீரை வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றி, டிரம்மைக் கவிழ்த்து வையுங்கள். வெறுமனே அலசினால் முட்டை போகாது. மூடி சரியாக உட்காரவில்லை என்றால் பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டலாம். தொளதொளவென்று கட்டினால் நடுவில் மழைத்தண்ணீர் தேங்கி, மூடியே கொசுத் தொட்டியாகிவிடும்.

குடிக்கும் தண்ணீரை டிரம்மில் வைக்கவே வேண்டாம். குடத்தில் வைத்துச் சாய்த்து ஊற்றுங்கள், அல்லது அடியில் குழாய் வைத்த பாத்திரத்தில் வையுங்கள். சொம்பை உள்ளே விடும் ஒவ்வொரு முறையும் விரல் தண்ணீரில் படுகிறது. குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையாகவும் அது இருக்கலாம். கைக்குழந்தையின் மலம் ஒன்றும் செய்யாது என்று வாசல் சாக்கடையில் கொட்டுவது இன்னும் நடக்கிறது. பெரியவர்கள் மலத்தில் இருக்கும் கிருமிகள் அதிலும் உண்டு, கழிப்பறையில்தான் போட வேண்டும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தை என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. அங்கன்வாடியில் எடை ஏறவில்லை என்றால் சத்துமாவை மட்டும் குறை சொல்லாமல் வீட்டுத் தண்ணீரையும் பாருங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு சர்க்கரைப் பவுடரின் பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்கவும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண்ணளவில் போட்டால் உப்பு கூடி ஆபத்தாகும். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கலக்கியது 24 மணி நேரத்துக்குத்தான். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக (ஜிங்க்) மாத்திரை ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். மூன்றாம் நாள் நின்றுவிட்டது என்று பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம். கண் குழிந்து, குடிக்க முடியாமல் துவண்டாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

ஒரே தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் அன்றே சொல்லுங்கள். எந்தத் தெரு, கடைசியாக என்றைக்குத் தண்ணீர் வந்தது, கலங்கலாக வந்ததா என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால், உடைந்த பைப்பைத் தேடுகிறவர்களுக்கு எங்கே தோண்டுவது என்று தெரியும்.