தண்ணி வர்றதுக்குள்ள

மே 19
மேலத்தெரு வயல்ல இருந்து திரும்பும்போதே டிராக்டர் ரேடியேட்டர் மூடி வழியா சீறிடுச்சு. கோடை உழவு பாதியில் நிற்கிறது. மூடியைத் திறக்கப் போன பையனை அதட்டி நிறுத்தினேன். ஆறட்டும்.

மே 20
அப்பாவுக்கு இன்று எல்லாமே "சாவி". மாத்திரை சாவி, ஜன்னல் சாவி, அம்மா சாவி. பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண், "வார்த்தையைக் குறுக்க எடுத்துக் குடுக்காதீங்க, அவரா தேடட்டும்" என்கிறார். தேடுகிறார். நெற்றி வியர்க்கத் தேடுகிறார்.

மே 21
மெக்கானிக் மாமா வந்தார். ஆறின எஞ்சினை மூடி போடாமல் ஓடவிட்டு, வாயில் குமிழி வருதான்னு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை. ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போகவில்லை என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. எஞ்சின் சூடானதும் நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் நடுவில் குழாய்கள் இருக்கும் கோர் மேல் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே போனார். மேலே சுடுகிறது, கீழே வலது மூலை சில்லென்று இருக்கிறது. "அந்தக் குழாய்லாம் தண்ணி ஓடல பாப்பா. நம்ம போர் தண்ணி உப்பு கட்டி அடைச்சிடுச்சு. வேற ரேடியேட்டர் பாரு."

எந்த ரேடியேட்டர்?

மே 22
பானெட்டில் இருக்கும் பெயர் மாஸி (மாஸி ஃபெர்குசன்) 35. தாத்தா காலத்து வண்டி, அப்போதே கைமாறி வந்தது. கடைக்குப் போன் செய்து 35 என்றால், "நாலு சிலிண்டரா, மூணு சிலிண்டரா?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் முதலில் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினோடுதான் இதைச் செய்தார்கள். குளிர் காலையில் அது லேசில் ஸ்டார்ட் ஆகாது. 1959 கடைசியில் பெர்கின்ஸ் மூணு சிலிண்டருக்கு மாறினார்கள். இரண்டுக்கும் ரேடியேட்டர் வேறு, ஹோஸ் வேறு.

ஸ்டியரிங்குக்குக் கீழே டேஷ்போர்டில் இருக்கும் நம்பர் தகட்டைத் துடைத்துப் படித்தேன். அது நாலு சிலிண்டர் வண்டியின் நம்பர். எஞ்சின் பிளாக்கில் இடது பக்கம், டீசல் பம்புக்கு மேல் அடித்திருக்கும் நம்பர் வேறு கதை சொல்கிறது. மெட்ராஸ் சிம்சன் எஞ்சின், மூணு சிலிண்டர். எப்போதோ இறக்கி ஏற்றியிருக்கிறார்கள்.

ரேடியேட்டரோ இந்த இரண்டோடும் ஒட்டவில்லை. பக்கச் சட்டத்தில் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை, கை ட்ரில்லில் போட்டது, ஓரம் பிசிறு பிசிறாக. வேறு எதற்கோ செய்ததைக் கொண்டுவந்து இதில் உட்கார வைத்திருக்கிறார்கள். யார் செய்தது, எங்கே வாங்கியது, எதனுடையது எல்லாம் அப்பாவுக்குத் தெரியும். அப்பாவிடம் கேட்டேன். "சாவி" என்றார். பிறகு இடது கையால் தன் வாயையே அடித்துக்கொண்டார். இனி கேட்கக்கூடாது.

மே 24
சென்னை புதுப்பேட்டையில் தெரிந்தவர் மூலம் ஒருவர் ரேடியேட்டர் போட்டோ அனுப்பினார். அலுமினியம், பளபளவென்று இருக்கிறது. "35, 135, 1035 எல்லாத்துக்கும் பொருந்தும் மேடம்." மூணும் மாஸி மாடல்கள்தான், ஆனால் எப்படிப் பொருந்தும்? 135 வந்ததே 1964 கடைசியில். அதன் பானெட் வேறு. ரேடியேட்டர் வாய் எங்கே வருகிறது, கீழ்க் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது, ஃபேனுக்கும் கோருக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று கேட்டேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அலுமினியத்தில் ஓட்டை விழுந்தால் இங்கே யார் பத்த வைப்பார்கள்?

மே 25
தூக்கமில்லை. எல்லாத்துக்கும் பொருந்தும், எல்லாத்துக்கும் பொருந்தும்.

மே 27
கழற்றியாச்சு. திண்ணையில் கோணி விரித்துப் படுக்க வைத்து அளந்தேன். கோரின் உயரம், அகலம், கனம். குழாய் எத்தனை வரிசை. மேல் வாய், கீழ் வாய் இரண்டின் வெளி விட்டம். தாங்கும் போல்ட்டுகளின் மையத்துக்கு மையம். வடிகால் திருகு எந்தப் பக்கம். எல்லாவற்றையும் படமாக வரைந்து, எஞ்சின் பக்கம் நின்று பார்த்தால் எது இடது என்று அம்புக்குறியும் போட்டேன். போனில் இடது வலது சொல்லும்போதுதான் எல்லாக் குழப்பமும் வருகிறது.

துடுப்புகளுக்கு நடுவே பதர், வைக்கோல் தூசி, காய்ந்த வெட்டுக்கிளி. ஃபேன் முன்னாலிருந்து காற்றை இழுக்கிறது, அதனால் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னோக்கி அடிக்க வேண்டும். முன்பக்கம் அடித்தால் குப்பை உள்ளே போய் இறுகும்.

மூடியைத் திருப்பினால் 15 என்று போட்டிருக்கிறது. கார் மூடி! இந்தப் பழைய பித்தளைக்கு 7 பவுண்டு அழுத்தம் போதும். 7 பவுண்டிலேயே தண்ணீரின் கொதிநிலை 111, 112 டிகிரி வரை ஏறிவிடும். 15 பவுண்டு அழுத்தத்தை ஈயப் பத்து (ஈயம் உருக்கி வைத்த ஒட்டு) எத்தனை நாள் தாங்கும்? ரேடியேட்டர் தேடுகிற யாரும் மூடியைத் தேடுவதில்லை.

மே 28
அண்ணன் போன். எடைக்குப் போடு, பித்தளைக்கு நல்ல விலை, வாடகை டிராக்டர் வைத்து ஓட்டு என்கிறான். கணக்கு சரியாகக்கூட இருக்கலாம். வைத்துவிட்டேன்.

மே 30
தஞ்சாவூர். ரேடியேட்டர் பட்டறை பாய் என் படத்தைப் பார்க்கவே இல்லை. கத்தி முனையால் மேல் தொட்டியில் பெயிண்டைச் சுரண்டினார். சிவப்பு, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே மஞ்சளாகப் பித்தளை. கீழ் தொட்டியையும் சுரண்டினார். அங்கே சாம்பலே இல்லை, நேராகப் பித்தளை.

"மேல் தொட்டி இந்த வண்டியோடது தங்கச்சி. கீழ் தொட்டி வேற வண்டி. நடுவுல கோர் அப்புறம் யாரோ கட்டினது. ஈயப் பத்தைப் பாருங்க, இது கம்பெனி பத்து இல்ல, கை வேலை. நல்ல கை."

அதாவது இத்தனை நாள் நான் பெயர் தேடிக்கொண்டிருந்தது பெயரே இல்லாத ஒன்றுக்கு. எந்தப் புத்தகத்திலும், எந்தக் கடை நம்பரிலும் இது இருக்காது. எனக்குக் கோபம் வரவில்லை. அந்த "நல்ல கை" யாருடையது என்றுதான் வழியெல்லாம் யோசனை.

இரண்டு தொட்டியையும் வைத்துக்கொண்டு, அதே அளவில் செம்புக் கோர் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார். ராடு விட்டுச் சுத்தம் செய்தால் போதாதா என்றேன். ஒரு கம்பியை எடுத்து என் கண் முன்னாலேயே குழாயில் விட்டார். நாலு விரல் போய் நின்றுவிட்டது. கோர் மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 1
அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து டிராக்டருக்கும் விபூதி பூசினாள்.

ஜூன் 3
கீழ் ஹோஸ் பிளந்திருக்கிறது. கீழ் தொட்டி வேறு வண்டி என்றால் ஹோஸும் வேறு. மன்னார்குடிக் கடையில் திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு இரண்டு வாங்கி வந்தேன். விட்டம் ஒன்றுதான், வளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. இரண்டையும் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெகுநேரம் சும்மா பார்த்தார். அப்புறம் இடது கையால் ஒன்றை எடுத்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுச் சுற்றினார். வைத்தார். மற்றதை எடுத்து அதிலும் விரலை விட்டுச் சுற்றினார். அதை என் பக்கம் நீட்டினார்.

நானும் விரல் விட்டுப் பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங் சுருள். கீழ் ஹோஸில் தண்ணீரைப் பம்ப் உறிஞ்சுகிறது. ஸ்பிரிங் இல்லாவிட்டால், சூட்டில் ரப்பர் இளகும்போது ஹோஸ் ஒட்டிக்கொண்டு தண்ணீர் நின்றுவிடும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை, வளைவை மட்டுமே பார்த்தேன்.

"சாவி" என்றார் அப்பா. ஆமாப்பா என்றேன்.

ஜூன் 5
டீக்கடையில் மேட்டூர்ப் பேச்சுதான். 12ஆம் தேதி திறப்பார்களா மாட்டார்களா. திறந்தாலும் நம் கடைமடைக்குத் தண்ணி வர எத்தனை நாளோ. நாற்றங்கால் உழவாவது முடித்துவிட வேண்டும்.

அப்பா காலையிலிருந்து சாப்பிடவில்லை.

ஜூன் 7
பாய் வாய்களை அடைத்து, காற்றேற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கிக் காட்டினார். மேல் மூலையில் பொடிப்பொடியாகக் குமிழி. வெளியே எடுத்து, துடைத்து, நவச்சாரத்தில் பத்த வைக்கும் இரும்பை உரசி, அந்த இடத்தில் மட்டும் ஈயத்தை ஓடவிட்டார். மறுபடி முக்கினார். ஒரு குமிழியும் இல்லை. "இதுல இனிமே போர் தண்ணி ஊத்தாதீங்க தங்கச்சி. கூலண்ட் வாங்கி, ஆர்.ஓ. தண்ணில கலந்து ஊத்துங்க." அந்தப் பிசிறு ஓட்டையையும் அரம் போட்டு ராவிக் கொடுத்தார். காசு கேட்கவில்லை.

ஜூன் 8
உட்கார்ந்துவிட்டது. 7 பவுண்டு மூடி போட்டேன். சூடேறினால் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். சட்டியில் வெந்நீர் வைத்து அதில் போட்டுப் பார்த்தோம், திறந்தது. ஒரு மணி நேரம் ஓடியது. கீழ் மூலையில் கை வைத்தேன், சுட்டது.

அப்பாவுக்கு ராத்திரி ஜுரம். டாக்டர் நாளைக்குக் கூட்டிவரச் சொன்னார்.

ஜூன் 9
ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு தெரிகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கடை. பழைய பெல்ட்டையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.