அறிக்கை தாமதமாகிறது என்றார்கள்

ஜூன் 3

மொத்த விநியோக நிறுவனம் ஒன்றின் செயலாக்க மேலாளருடன் இன்று முதல் உரையாடல். இருப்பு அறிக்கை தினமும் தாமதமாகிறது, அதை விரைவாகத் தரும் மென்பொருள் வேண்டும் என்று, மென்பொருள் விற்கும் எங்களுக்கு மின்னஞ்சலில் எழுதியிருந்ததையே அவர் மீண்டும் சொன்னார். டெமோ எப்போது என்றும் கேட்டார். வாடிக்கையாளர் முதலில் சொல்வது பெரும்பாலும் தம் சிக்கலுக்கு அவரே யோசித்து வைத்திருக்கும் தீர்வாகத்தான் இருக்கிறது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு டெமோவுக்குப் போனால், நாம் பதில் சொல்வது அவருடைய ஊகத்துக்குத்தான்.

ஆகவே, கடைசியாக அறிக்கை தாமதமான நாளில் என்ன நடந்தது என்று கேட்டேன். “பொதுவாக எப்படி வேலை நடக்கிறது” என்று கேட்டால் விதிப்படி நடக்கவேண்டியதைச் சொல்வார்கள். ஒரு குறிப்பிட்ட நாளைக் கேட்டால்தான் நடந்ததைச் சொல்வார்கள். அன்று காலை, ஒரே சரக்கை இரண்டு விற்பனையாளர்கள் இரண்டு கடைகளுக்கு உறுதியளித்திருக்கிறார்கள். கணினியில் அந்தச் சரக்கு இல்லவே இல்லை. இல்லாத சரக்கை எதை நம்பி உறுதியளித்தார்கள் என்று கேட்டபோது, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கிடங்கிற்குப் போன் செய்திருப்பார்கள்” என்றார். அந்த இடைவெளியில் நான் பேச்சை நிரப்பாமல் இருந்தது நல்லதாயிற்று.

ஜூன் 5

கேள்விகளைத் தயார் செய்தேன். விற்பனை ஆய்வாளர் நீல் ராக்கமும் அவருடைய ஹத்வெயிட் நிறுவனக் குழுவினரும் 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்து, 1988இல் வெளியிட்ட முடிவுகளில் இரண்டு எனக்கு இன்றும் பயன்படுகின்றன. பெரிய விற்பனைகளில், ‘ஆம், இல்லை’ என்று முடியும் கேள்வியா விரிவாகப் பதில் சொல்லவேண்டிய கேள்வியா என்பது வெற்றியைத் தீர்மானிப்பதில்லை என்பது ஒன்று. எத்தனை ஊழியர்கள், என்ன மென்பொருள் என்பது போன்ற நிலவரக் கேள்விகளைத் திறமையான விற்பனையாளர்கள் குறைத்துக்கொண்டு, சிக்கலின் விளைவுகளைப் பற்றி அதிகம் கேட்டார்கள் என்பது மற்றொன்று. நிலவரம் தெரிந்துகொள்வதால் பயன் நமக்கே. விளைவைப் பேசும்போதுதான் வாடிக்கையாளரும் யோசிக்கிறார். எங்கள் அலுவலகப் படிவமோ ‘தேவை’ என்பதற்கு ஒரு வரி இடம்தான் விட்டிருக்கிறது.

ஜூன் 9

மேலாளரிடம் அனுமதி பெற்று, கிடங்குப் பொறுப்பாளருடன் பேசினேன். அறிக்கையைத் தாமதப்படுத்துபவர் அவரே என்று தெரிந்தது. அதற்குத் தக்க காரணமும் வைத்திருந்தார். கடைகளிலிருந்து திரும்பிவரும் சரக்கு தினமும் வந்து இறங்குகிறது, ஆனால் கணக்குப் பிரிவு ஒப்புதல் தரும் சனிக்கிழமைதான் கணினியில் ஏறுகிறது. இடைப்பட்ட நாட்களில் கிடங்கில் இருப்பது ஒன்று, திரையில் தெரிவது வேறொன்று. இதை அறிந்த விற்பனையாளர்கள் நேரே அவருக்குப் போன் செய்கிறார்கள். அவர் ஒரு நோட்டில் குறித்துவைத்து, ஒவ்வொரு காலையும் நோட்டையும் கணினியையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அறிக்கையை அனுப்புகிறார். நாங்கள் வேகமான அறிக்கையை விற்றிருந்தால், தவறான எண்கள் அவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஜூன் 12

கணக்குப் பிரிவுத் தலைவர் முதலில் இறுக்கமாக இருந்தார். தம்மைக் குறை சொல்ல வந்திருப்பதாக எண்ணியிருக்கலாம். ஏன் சனிக்கிழமை வரை காத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கும் என்பதால், அன்றன்றே பதிந்தால் எது கெட்டுப்போகும் என்று கேட்டேன். சேதமடைந்த சரக்கு நல்ல சரக்கோடு கலந்து பதிவாகி, கடைகளுக்குத் தேவையின்றிப் பணம் வரவு வைக்கப்பட்டதால்தான் இந்த ஏற்பாடு வந்தது என்று விளக்கினார். எனவே, சரக்கு இறங்கும்போதே அதன் நிலையை யாரும் சோதித்துப் பதிவதில்லை என்பதுதான் இங்கே அடியில் இருக்கும் சிக்கல். மூன்று பிரிவினரும் அதன் வெவ்வேறு நுனிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

விளைவுக் கேள்விகளில் ஓர் எல்லை உண்டு. ரத்தான ஆர்டர்களையும் பொறுப்பாளரின் காலை நேரத்தையும் அவர்களே கணக்கிட்டுச் சொல்லவேண்டும். நான் கணக்கிட்டு நீட்டினால் அது மிரட்டலாகிவிடும், அந்த எண்ணை அவர்கள் நம்பவும் மாட்டார்கள்.

ஜூன் 16

மேலாளரிடம், பல நாளாக இருக்கும் இந்தச் சிக்கலை இப்போது தீர்க்க நினைப்பதேன் என்று கேட்டேன். அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவர், செப்டம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு முன், உறுதியளித்த நாளில் சரக்கு வந்துசேரும் என்பதற்கு எழுத்துப்பூர்வ உத்தரவாதம் கேட்டிருக்கிறாராம். முதல் மின்னஞ்சலில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இந்தக் காலக்கெடு இல்லாமல் இருந்திருந்தால், எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இறங்கும் இடத்தில் சோதிக்க ஓர் ஆளை நியமிப்பது அவர்கள் செய்யவேண்டிய வேலை, எங்கள் மென்பொருள் அதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டத்திற்குக் கிடங்குப் பொறுப்பாளரையும் கணக்குப் பிரிவுத் தலைவரையும் சேர்த்து அழைக்கச் சம்மதித்திருக்கிறார். அன்று டெமோவில், திரும்பிவந்த பெட்டியைப் பதியும் திரையை முதலில் காட்டப்போகிறேன்.