எந்த பெர்னூலி?

பாடப்புத்தகத்தில் "பெர்னூலி" என்று மட்டும் போட்டிருந்தால் அது யாரென்று உறுதியாகச் சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக் குடும்பம் ஒன்றில் மூன்று தலைமுறைக்குள் எட்டுப் பேர் கணித வரலாற்றில் இடம்பிடித்தார்கள். யாக்கோப் இருவர், நிக்கோலாஸ் இருவர், யோஹான் மூவர், டேனியல் ஒருவர். முதலாம், இரண்டாம் என்ற அடைமொழிகள் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் வைத்தவை. அந்தக் காலக் கடிதங்களில் அவற்றைத் தேடிப் பயனில்லை.

முதலில் பொருளைப் பாருங்கள். பெர்னூலி எண்கள், பேரெண் விதி, பெர்னூலி வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் முதலாம் யாக்கோப் (1655–1705). பாய்மத்தின் (திரவம், வாயு) வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் தத்துவம் அவருடைய தம்பி மகன் டேனியலுடையது (1700–1782). 0/0 போல முடியும் எல்லை மதிப்புகளைக் காண உதவும் லோபிடால் விதியில் பெர்னூலி பெயரே இல்லை. ஆனால் அதைக் கண்டவர் யாக்கோபின் தம்பி முதலாம் யோஹான். ஆண்டுக்கு 300 லீவர் (பழைய பிரெஞ்சு நாணயம்) வாங்கிக்கொண்டு தன் கண்டுபிடிப்புகளைப் பிரெஞ்சுக் கணிதர் லோபிடாலுக்கு அனுப்பியவர் அவர். 1696இல் வந்த லோபிடாலின் நூலில் அந்த விதி இருக்கிறது.

அதிகம் தடுமாற வைப்பவர்கள் இரண்டு நிக்கோலாஸ்களும்தான். முதலாமவர் (1687–1759) யோஹானின் மகன் அல்ல, ஓவியரான இன்னொரு சகோதரரின் மகன். யாக்கோபின் நிகழ்தகவு நூல் அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து 1713இல் அச்சேறியபோது முன்னுரை எழுதியவர் இவர். சராசரி லாபம் எல்லையற்றதாக வரும் ஒரு சூதாட்டத்தைப் பற்றிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் முரண்புதிரை அதே ஆண்டு ஒரு கடிதத்தில் எழுப்பியவரும் இவர்தான். டேனியல் 1738இல் அந்நகர அகாதெமியின் வெளியீட்டில் அதை அலசியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் நிக்கோலாஸ் (1695–1726) டேனியலின் அண்ணன். அதே நகரத்தில் 31 வயதில் காய்ச்சலில் இறந்தவர் என்பதால் புதிரை இவர் கணக்கில் எழுதிவிடுவது எளிது. அவர் மறைவுக்குப் பிறகு கணிதப் பொறுப்பு டேனியலிடம் வந்தது. அதனால் அகாதெமியில் காலியான தன் பழைய இடத்துக்கு டேனியல் பரிந்துரைத்தவர் கணித மேதை ஆய்லர்.

தேதிகளில் இன்னொரு சிக்கல். யாக்கோப் பிறந்தது ஒரு நூலில் 1654 டிசம்பர் 27, இன்னொன்றில் 1655 ஜனவரி 6 என்றிருக்கும். இரண்டும் சரி. பாசெல் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, இன்றைய கிரிகோரியன் நாட்காட்டியோடு 17ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் பத்து நாள். ரஷ்யாவில் பழைய கணக்கே நீடித்ததால், அங்கே 18ஆம் நூற்றாண்டில் நடந்த மரணங்களுக்குப் பதினொரு நாள் கூட்டிப் பாருங்கள். அதற்கு மேலும் வித்தியாசம் வந்தால் நாட்காட்டியைக் குறை சொல்லாமல் மூலத்தைத் தேடுங்கள்.

யாக்கோபின் கல்லறைக் கல்லை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் வடிவம் மாறாத மடக்கைச் சுருளை அவர் கேட்டிருந்தார். சிற்பி செதுக்கியது சம இடைவெளியில் விரியும் ஆர்க்கிமிடீஸ் சுருள். பாசெல் பேராலயத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது.

டேனியல் தன் பாய்ம நூலின் முகப்பில் "யோஹானின் மகன்" என்று போட்டுக்கொண்டார். ஆளை அடையாளம் காண இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்காது. அந்தத் தந்தையோ, பாரிஸ் அறிவியல் அகாதெமியின் 1734 பரிசை மகனோடு பகிர நேர்ந்ததையே பொறுக்காதவர். மகனுடைய 1738ஆம் ஆண்டு நூலுக்கு முந்தியது போலத் தன் நூலுக்கு 1732 என்று தேதியிட்டார். இந்தக் குடும்பத்தில் அச்சிட்ட ஆண்டையும் அப்படியே நம்பக் கூடாது.

இரண்டாம் யாக்கோப் ஆய்லரின் பேத்தியை மணந்து சிறிது காலத்திலேயே, 1789இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றில் மூழ்கி இறந்தார். வயது 29.

"பாசெல் கணிதப் பேராசிரியர் பெர்னூலி" என்று மட்டும் ஒரு பழைய ஆவணம் சொன்னால் ஆண்டைப் பாருங்கள். 1687 முதல் 1705 வரை யாக்கோப், அங்கிருந்து 1748 வரை யோஹான், பிறகு 1790 வரை அவர் மகன் இரண்டாம் யோஹான். டேனியலும் பாசெலில் பேராசிரியர்தான். ஆனால் கணிதத்துக்கு அல்ல.