ஒபுசோன் பாணியில் ஓர் இலை: பல் கோக்கும் இடம் ஒருவழியாகப் படிந்தது

கம்பளி நூலால் நெய்யும் சுவர்ப் படத்திரை (டேப்பஸ்ட்ரி) ஒன்றில் இலை நெய்துகொண்டிருக்கிறேன். அதன் ஓரத்தில் இளம்பச்சையும் கரும்பச்சையும் பல்பல்லாக ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் இடம் இந்த வாரம் சுத்தமாக வந்துவிட்டது. பிளவு இல்லை, புடைப்பு இல்லை. ஒபுசோன் நெசவாளர்கள் 'பத்தாஜ்' என்று சொல்லும் வேலை இது. இந்த ஓர் அங்குலம் என்னை மாதக்கணக்கில் படுத்திவைத்தது.

பிரான்சின் நடுவே, க்ரூஸ் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் ஒபுசோன். 1665-இல் அரச நெசவுக்கூடம் என்ற பட்டம் பெற்றது. 1685-இல் புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த உரிமை பறிபோனதும் நல்ல நெசவாளர்கள் பலர் நாட்டைவிட்டே போனார்கள். அப்படியும் தொழில் அழியவில்லை. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. அந்த ஊரின் பழைய இலைதழைத் திரைகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

அங்கே தறி படுக்கைவாட்டில் இருக்கும். பாவுக்கு, அதாவது தறியில் இழுத்துக் கட்டிய நூல்களுக்கு, அடியில் மாதிரிப் படம். நெய்பவர் பார்ப்பது பின்பக்கத்தை மட்டும்தான்; முன்பக்கம் பார்க்க ஒரு சிறு கண்ணாடியைப் பாவுக்குக் கீழே நீட்டுவார்கள். படத்தையும் பக்கவாட்டில் திருப்பி வைத்தே நெய்வார்கள். அதனால் என் மேசைத் தறியிலும் இலை படுத்துத்தான் கிடக்கிறது.

சரி, பல் விஷயம். கரும்பச்சையை ஒரு வரியில் ஒன்பதாம் பாவு வரை விடுகிறேன், அடுத்ததில் ஆறு, அப்புறம் மூன்று, மறுபடி எட்டு. நீளம் ஒரே மாதிரி இருந்தால் கண் அதைக் கோடாகவே பிடித்துக்கொள்ளும். இழுவைதான் எல்லாவற்றையும்விடக் கடினம். ஊடையை, அதாவது குறுக்கே ஓடும் நிற நூலை, நேராக இழுக்காமல் மேடுபோல வளைத்துவிட்டு, நடுவில் சீப்பால் ஒரு தட்டு, பிறகு இரு பக்கமும். திரும்பும் பாவை நகத்தால் பிடித்துக்கொண்டால் அது நகராது. இந்த நகப்பிடி வந்த பிறகுதான் பற்கள் கூராக நிற்கின்றன.

மொத்தம் நான்கே பச்சைகள். 1939-இல் ஒபுசோனுக்கு வந்த பிரெஞ்சு ஓவியர் ழான் லூர்சா, ஓவியத்தை நகலெடுக்க நூற்றுக்கணக்கான சாயங்களைத் தேடும் வழக்கத்தை விட்டு, கொஞ்சம் நிறங்களையும் பருமனான பாவையும் கையிலெடுத்தார். அவர் பக்கம்தான் நியாயம். தள்ளி நின்று பார்த்தால் நான்கு பச்சை ஏழெட்டாகத் தெரிகிறது.

கம்பளிதான் எரிச்சல். வழக்கமாக வாங்கும் கடை இறுக்கமாக முறுக்கிய பின்னல் நூலை அனுப்புகிறது; பாவை மூடவே மாட்டேன் என்கிறது. அதே நிற எண், அடுத்த கண்டில் வேறு பச்சை! ஒபுசோனுக்குப் பக்கத்து ஊரான ஃபெல்தேனில் திரைக்கென்றே கம்பளி நூற்கும் ஆலை இருக்கிறது. இனி அங்கிருந்துதான் தருவிக்க வேண்டும்.

நேர்க்கோட்டில் நிறம் மாறிய இடங்களின் பிளவுகளை இன்னும் தைக்கவில்லை. அதற்குள் அடுத்ததற்கு வரைய உட்கார்ந்துவிட்டேன்: லூர்சா செய்ததுபோல நிறம் பூசாமல், நிறத்துக்கு எண் மட்டும் போட்ட படம். அவருக்குப் பிடித்த சேவல்தான். வால் இறகுக்காகச் சென்டிமீட்டருக்கு ஐந்து பாவு கட்டலாமா என்று ஒரு சபலம். வேண்டாம், நான்கே இருக்கட்டும். இறகையும் பற்களாலேயே பிரித்துவிடலாம்.