மல்லிகை நிற ஸ்பிட்ஃபயர்: வாங்கப்போன நாட்களின் குறிப்பு

பிப்ரவரி 4, 2024

காலையில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், 1969ஆம் வருடத்து வண்டி, 1986இல் கராஜுக்குள் விட்டதுதான், அப்புறம் யாரும் வெளியே எடுக்கவில்லை. எந்தப் பழுதுவேலையும் பார்க்காமல், நின்றது நின்றபடி விற்பனைக்கு, 4,250 பவுண்டு. ஆறு போட்டோ, ஆறும் இருட்டு. ஒன்றில் மட்டும் பானெட்டின் மேல் இருந்த தூசியை யாரோ கையால் துடைத்திருக்கிறார்கள், அந்த ஒரு சாண் இடத்தில் வெளிர் மஞ்சள் பெயிண்ட் தெரிகிறது. அந்தப் போட்டோவைத்தான் நாள் முழுக்கப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

வண்டி கெனில்வொர்த்தில் இருக்கிறது, இங்கிலாந்தின் கவென்ட்ரியில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். அது செய்யப்பட்ட கேன்லி தொழிற்சாலை இன்னும் பக்கம். தொழிற்சாலை போய் அங்கே அலுவலகங்கள் வந்துவிட்டன, ஆனால் ஒரு தெருவுக்கு ஹெரால்டு அவென்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2009இல் இந்த ஊருக்கு வந்த புதிதில் அந்தப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துத் திருச்சிக்கு அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் பதினான்கு வருடம் ஓட்டியது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மெட்ராஸ் பக்கம் வண்டலூரில் செய்த நான்கு கதவு வண்டி. இங்கே இருக்கிறவர்களிடம் நான்கு கதவு என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் அது இந்தியாவில் மட்டும்தான் வந்தது. ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் தங்கை. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் ஒருவரே, இத்தாலியரான மிக்கெலோட்டி. எஞ்சின், ஸ்டீயரிங், முன்சக்கர அமைப்பு எல்லாம் அக்காவிடமிருந்து வந்தவைதான்.

பிப்ரவரி 5

அப்பாவிடம் போனில் சொன்னேன். விலையைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்கவில்லை. "முதல்ல முன்சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு பாரு. எண்ணெய் விட்டானா, கிரீஸ் அடிச்சானா?" என்றார்.

அவர் சொல்வது டிரன்னியனை. முன்சக்கரம் திரும்புவதற்குக் கீழே பித்தளை நிறத்தில் ஒரு வெண்கலக் கட்டை இருக்கும், மேலிருந்து வரும் இரும்புத் தண்டு மரையோடு அதற்குள் இறங்கி நிற்கும். அதற்குக் கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் சரியாகப் போய்ச் சேராது, உள்ளே தண்ணீர் தங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் தண்டு அரித்துக்கொண்டே இருந்து ஒருநாள் முறியும். எங்களுக்கு அது 1981இல் நடந்தது. சமயபுரத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வரும்போது இடது முன்சக்கரம் அப்படியே மண்டி போட்டுவிட்டது. மெதுவாக வந்ததால் பிழைத்தோம். எனக்கு ஆறு வயது, அம்மாவின் மடியிலிருந்த பிரசாதப் பை சிதறியதுதான் ஞாபகம் இருக்கிறது. வருடக்கணக்காக அந்தக் கட்டைக்குள் கிரீஸைத்தான் அடித்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அப்பா அந்த வேலையை யாரிடமும் விடவில்லை, மாதம் ஒருமுறை தானே எண்ணெய் விடுவார். பானெட்டைத் திறந்தால் மட்கார்டும் சேர்ந்து முழுமூக்கும் முன்பக்கம் சாய்ந்துவிடும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்படித்தான் அவரைப் பார்ப்பேன்.

பிப்ரவரி 10

போய்ப் பார்த்தேன். பெண்ணையும் கூட்டிப் போயிருந்தேன். காட்டியவர் எழுபது தாண்டிய அம்மா, வண்டி அவருடைய அண்ணனுடையது, அவர் போன வருடம் காலமாகிவிட்டார். கிளட்ச் வேலை செய்யவில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தியவராம். கண்ணாடியில் 1987 ஜனவரி வரை செல்லும் சாலை வரிச்சீட்டு அப்படியே ஒட்டியிருக்கிறது. சீட்டு ஒட்டும் வழக்கமே 2014இல் ஒழிந்துவிட்டது.

காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டி முழுக்கத் தடவினேன். பட்டி பார்த்திருந்தால் அந்த இடத்தில் பிடிக்காது. எங்கும் பிடித்தது, ஆக எல்லாம் தகடுதான். துரு இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. வலப்பக்கம் கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பெட்டியில் பின்சக்கரத்தை ஒட்டி இரண்டு விரல் நுழையும் ஓட்டை. ஹெரால்டு என்றால் கவலைப்பட மாட்டேன், அதன் சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில், பக்கத்துக்குக் கைகள் உண்டு. ஸ்பிட்ஃபயரின் சேஸி நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடுவதோடு சரி, பக்கவாட்டுப் பலம் முழுக்க அந்த சில் பெட்டியில்தான் இருக்கிறது. அது போனால் வண்டி நடுவில் தொய்ந்து கதவு இடிக்கும். இரண்டு கதவின் இடைவெளியையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன், ஒரே சீராக இருக்கிறது. தொய்வு தொடங்கவில்லை.

அடுத்தது திரஸ்ட் வாஷர். இந்த எஞ்சினில் சுழலும் நடுத்தண்டான கிராங்க் முன்பின் நகராமல் பிடிப்பது அரைவட்டமான இரண்டு சின்ன வாஷர்கள்தான், தேய்ந்தால் நழுவிக் கீழே விழுந்து எஞ்சின் பிளாக்கையே கெடுத்துவிடும். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் முனையிலுள்ள புல்லி நகர்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். பெண்ணை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன், பெடல் ஒரு தடையும் இல்லாமல் தரையில் போய்ப் படுத்தது. திரவம் வற்றி எத்தனை வருடம் ஆனதோ! சரி என்று பெரிய திருப்புளியைப் புல்லிக்குப் பின்னால் கொடுத்து நெம்பினேன். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இல்லை. பிளக்குகளைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, அரை மணி கழித்து ஸ்பேனரால் கிராங்க்கைத் திருப்பினால் முனகிக்கொண்டே திரும்பியது. எஞ்சின் பிடித்துப்போகவில்லை.

டிரன்னியனில் எண்ணெயா கிரீஸா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஆனால் கராஜ் அலமாரியில் ஈபி 90 கியர் எண்ணெய் டப்பா ஒன்று இருந்தது, அதன் கழுத்தில் கம்பி கட்டி ஒரு அட்டை, அதில் பென்சிலால் வரிசையாகத் தேதிகள். கடைசித் தேதி 1986 செப்டம்பர். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை, பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 11

இரவு தூக்கம் வரவில்லை. சில் பெட்டியை வெட்டி வெல்டிங் வைத்துத்தான் ஆக வேண்டும், அதில் யோசனைக்கே இடமில்லை. பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், டயர், அதெல்லாமும் புதுசு போட வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழமை பார்க்கக் கூடாது. நாற்பது வருடம் தாண்டிய வண்டிக்கு இங்கே வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை, இருந்தாலும் நான் கொண்டுபோய்க் காட்டுவேன்.

ஆனால் பெயிண்டைத் தொட மாட்டேன். மார்க் 3 மட்டுமே 65,000க்கு மேல் செய்தார்கள், தகடு, கம்பளம், சின்னத் திருகு வரை எல்லாம் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. பணம் இருந்தால் யாரும் புது ஸ்பிட்ஃபயர் ஒன்றைக் கட்டி நிறுத்திவிடலாம், அப்படிக் கட்டிய வண்டிகளைக் கோடையில் ஒவ்வொரு கண்காட்சியிலும் வரிசையாகப் பார்க்கிறேன், எல்லாம் ஒன்றுபோல் பளபளக்கும். கேன்லியில் 1969இல் அடித்த பெயிண்டை எந்தக் கடையில் போய் வாங்குவது? வலது கதவின் மேல்விளிம்பில் பெயிண்ட் தேய்ந்து அடியிலிருக்கும் பிரைமர் தெரிகிறது, பதினேழு வருடம் ஒருவர் முழங்கையை வைத்து ஓட்டிய இடம். இருக்கைக்குப் பின்னாலிருக்கும் அட்டையைக் கழற்றினால் அதன் முதுகில் மெழுகுச் சாக்பீஸால் கிறுக்கிய ஒரு எண், பொருத்தும் இடத்தில் யாரோ ஒரு தொழிலாளி அவசரமாக எழுதியது. உரித்துப் பெயிண்ட் அடித்தால் இரண்டும் போய்விடும், பிறகு யார் நினைத்தாலும் திரும்பாது.

ஸ்பிட்ஃபயரின் கதையே துணி போட்டு மூடிய ஒரு வண்டியில்தான் ஆரம்பம். பணமில்லாமல் திட்டத்தை ஓரங்கட்டியிருந்தார்கள், 1961இல் லேலண்ட் நிறுவனம் இந்த வண்டிகளைச் செய்த ஸ்டாண்டர்டு டிரையம்ஃபை வாங்கிய சமயம், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தவர்கள் ஒரு மூலையில் தூசித்துணி போர்த்தி நின்ற முன்மாதிரி வண்டியைக் கண்டு, இதைச் செய்யலாம் என்றார்கள். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. யாராவது அந்தத் துணியைத் தூக்காமல் போயிருந்தால்?

பிப்ரவரி 17

அந்த அம்மா போன் செய்தார். இன்னொருவர் 4,600 தருகிறேன் என்கிறாராம், முழுக்கப் பிரித்துச் சிவப்பு அடிக்கப் போகிறாராம். அந்த அம்மா மறைக்காமல் சொன்னார்: பணம் மூன்று பேருக்குப் பிரிய வேண்டியது, அதனால் என் ஆசைக்காகக் குறைக்க முடியாது. நியாயம்தானே. மனைவியிடம் கேட்டேன். சமையலறைத் தரைக்கு எடுத்து வைத்த பணம் இருக்கிறது, அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம் என்றாள். அதே 4,600க்கு எனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார்.

மார்ச் 2

கேய்டன் மோட்டார் அருங்காட்சியகத்தில் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன, வண்டியின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் சான்றிதழ் தருவார்கள். இன்று வந்தது. எஃப்டி என்று தொடங்கும் எஞ்சின் எண் வண்டியில் இருப்பதேதான், உள்ளே கறுப்பு, வெளியே ஜாஸ்மின். மல்லிகை! அப்பாவிடம் சொன்னேன், மல்லிகை எங்கடா மஞ்சளா இருக்கும் என்றார். இந்த ஊரில் பனிக்காலத்தில் இலையே இல்லாத குச்சியில் மஞ்சளாகப் பூக்கும் மல்லிகை உண்டு, அந்த அம்மாவின் வாசலிலும் இருந்தது, அதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

மார்ச் 9

டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கழுவவில்லை, தூசியைத் தட்டினதோடு சரி. வெல்டிங் ஏப்ரலில்.

மதியம் வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டு, போனைப் பேட்டரி மேல் சாய்த்து வைத்து, முன் டயர் மேல் உட்கார்ந்தேன். இடது டிரன்னியனில் கம்பிகட்டிய டப்பாவிலிருந்த எண்ணெயையே எண்ணெய் அடிக்கும் துப்பாக்கியில் நிரப்பி அடித்தேன். முதலில் ஒன்றுமில்லை, அப்புறம் மேல்விளிம்பில் கருப்பாக, தார் மாதிரி கசிந்தது. "நிறுத்தாத, இன்னும் அடி" என்றார். பத்துப் பன்னிரண்டு அழுத்தில் கருப்பு பழுப்பாகி, பழுப்பு தேன் நிறமாகி வந்தது. துணியால் துடைத்தேன். "கிரீஸ் இல்ல, எண்ணெய்தான். நல்ல மனுஷன்" என்றார் அப்பா. பென்சிலை எடுத்து, அட்டையில் 1986 செப்டம்பருக்குக் கீழே இன்றைய தேதியை எழுதினேன். வலது பக்கம் பாக்கி, நாளைக்கு.