ரிப்போர்ட் வரும்வரை

ஜூலை 8, சாட்ஸ்வொர்த், டர்பன்
சளியில் டிபி கிருமி இல்லையாம். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனை நெகட்டிவ். ஆனால் எக்ஸ்ரேயில் நுரையீரலில் அந்தக் குழி அப்படியே இருக்கிறதே! அத்தைக்குக் காலையில் மூக்கிலிருந்து மறுபடியும் ரத்தப் பொருக்கு வந்தது. கணுக்காலில் சிவப்புப் புள்ளிகள், அழுத்தினாலும் மறையவில்லை. டர்பனில் நாள்பட்ட இருமல் என்றால் முதலில் டிபியைத்தான் தேடுவார்கள், தேடத்தான் வேண்டும். அது இல்லை என்றால் வேறு என்ன?

ஜூலை 9
ஆன்கா என்ற எதிர்ப்பொருளைத் தேடும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. நரம்பு கிடைக்காமல் புறங்கையில் குத்தினார்கள். "வலிக்கலம்மா" என்றார் அத்தை, என் விரலை விடாமல்.

ஜூலை 11
டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களுக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது, அதுதான் ஆன்கா. அதனால் தூண்டப்படும் அணுக்கள் சிறு ரத்தக் குழாய்களைப் புண்ணாக்கிவிடுகின்றன. மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் ஆன்கா வாஸ்குலைட்டிஸ் என்ற ஒரே நோயாக இருக்கலாம். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய வெள்ளை அணுக்கள்மேல் அத்தையின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்ப்பார்கள். அணு முழுக்கப் பொடிப்பொடியாகப் பச்சை தெரிந்தால் சி-ஆன்கா, உட்கருவைச் சுற்றி மட்டும் தெரிந்தால் பி-ஆன்கா. இப்போது அதைவிட பிஆர்3, எம்பிஓ என்ற இரண்டு புரதங்களுக்கான எதிர்ப்பொருளை நேரடியாக அளப்பதுதான் முக்கியமாம். 2017-இல் நிபுணர்கள் கூடி அதையே முதல் சோதனையாக்கச் சொன்னார்கள்.

நெகட்டிவ் வந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றார். அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

ஜூலை 13
சிறுநீரில் நுரை.

ஜூலை 14
சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 148 (மைக்ரோமோல்/லிட்டர்). போன மாதம் 92. வலியே இல்லாமல் சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இனி இருமல் பயமில்லை, இந்த எண்தான் பயம்.

ஜூலை 16
சி-ஆன்கா பாசிட்டிவ். பிஆர்3 மிக அதிகம். பெயர் கிடைத்துவிட்டது என்று நான் அழுதேன். டாக்டர் அவசரப்படவில்லை. டிபியிலும், இதய வால்வில் கிருமி பிடித்தாலும்கூட இது பாசிட்டிவ் ஆகலாமாம். டிபி ஒளிந்திருக்கும்போது இந்த நோய்க்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அது கிளம்பிவிடும். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிய 6 வாரம்கூட ஆகலாம். சிறுநீரகம் அதுவரை காத்திருக்குமா? சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி செய்யலாம் என்றார். கிரியேட்டினின் இன்னும் ஏறினால் அதற்கும் காத்திருக்காமல் மருந்து தொடங்கிவிடுவார்களாம்.

ஜூலை 18
ஆடி முதல் வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், நான் போகவில்லை. "எனக்கும் சேத்துக் கும்பிட்டியா?" என்று கேட்டார் அத்தை. வீட்டிலிருந்தே கும்பிட்டேன் என்றேன். திங்கட்கிழமை பயாப்சி. இன்று மறுபடியும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். எண் சாயங்காலம் வரும்.